தரையோடு சேர்த்த கம்பி

ஒண்டிப்புதூர்ப் பக்கம் ஒரு லைன் வீடு உண்டு. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் குடித்தனங்கள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு மண் வாசல், ஒரு குழாயடி, மொட்டைமாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதை நிரப்ப ஒரு மோட்டார் என்று இருக்கும் அந்த லைனில் குற்ற உணர்ச்சிக்கு விளக்கு எரிய ஆரம்பித்தது, சென்னியப்பன் தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கிட் வாங்கிவந்து பூட்டிய பிறகுதான். பேக்கரி கல்லாவில் உட்கார்ந்து தேங்காய் பன்னும் வர்க்கியும் எடுத்துக் கொடுக்கிற ஆளுக்கு டிரான்சிஸ்டரோடு என்ன சகவாசம் என்று யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் எல்லோருக்கும் காரணம் தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த லைனில் மோட்டார் போடுவதற்கு முறை உண்டு. 'முறை' என்று பெயிண்டில் எழுதிய ஒரு தகரத் தகடு வீடு வீடாகப் போகும். யார் கதவில் தகடு தொங்குகிறதோ அவர்தான் அன்றைக்கு விடியக்காலையில் மோட்டார் போட்டு, தொட்டி நிறைந்ததும் அணைக்க வேண்டும். தகடு ரேணுகாவின் கதவில் தொங்கிய ஒரு நாளில் தொட்டி நிறைந்து, வழிந்து, மாடிப்படி வழியாக அருவியாக இறங்கி, வாசற்படிச் சிமெண்டுப் பாசியை வழவழவென்று ஆக்கிவைத்தது. அங்கன்வாடியில் சமைக்கிற ஸ்டெல்லாக்கா வேலைக்குப் போகப் படி இறங்கியவர் அப்படியே சறுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். தனியாக வாழ்கிற மனுஷி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கட்டிலோடு கிடக்கிறவராக வந்தார்.

"இன்னிக்கு யாரு முறை?" என்று வீட்டுக்காரம்மா நாகரத்தினம் கேட்டபோது எல்லோரும் தகட்டைத்தான் பார்த்தார்கள். லாரி ஓட்டுகிற புருஷன் மாதத்தில் பாதி நாள் வடக்கே போய்விட, ஒற்றையாளாகத் தையல் கம்பெனிக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்த ரேணுகா, முகம் வெளிறி, "நாந்தானுங்க்கா... அணைச்சாப்பலதான் இருக்குது. மறந்து போட்டேனோ என்னமோ," என்றாள். அந்த 'என்னமோ'வில் அவள் மாட்டிக்கொண்டாள்.

உண்மையில் அவள் மறக்கவில்லை. அணைத்துவிட்டுத்தான் போனாள். அதற்குப் பிறகு, முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிய சென்னியப்பன், தன் வீட்டு டிரம் பாதிதான் நிறைந்திருக்கிறது என்று, முறையும் இல்லாமல் சொல்லாமலும் மறுபடி மோட்டாரைத் தட்டிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, பஸ் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்விட்டான். அவன் திரும்பி வந்தபோது ரேணுகா தானே ஒப்புக்கொண்டுவிட்டிருந்தாள். அவள் வேறு மாதிரி சொல்லியிருந்தால், "இல்லவே இல்லை, நான் அணைச்சேன்" என்று சண்டை போட்டிருந்தால், அவனும் உண்மையைச் சொல்லியிருப்பான் என்றுதான் அவன் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லியிருக்க மாட்டான் என்பது என் கட்சி. ஆனால் அவன் கெட்டவனும் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கெட்டவனாக இல்லாததால்தான் அவனுக்குத் தூக்கம் போயிற்று. தூக்கம் போனவன் யோசித்து யோசித்து, தொட்டி நிறைந்தால் தானாகக் கத்துகிற ஒரு அலாரம் செய்து மாட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற முடிவுக்கு வந்தான். உண்மையைச் சொல்வதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்யத் தயாராக இருந்தான், பாவம். காந்திபுரத்தில் ஒரு கடைக்குப் போய், "முதல் தடவையா செய்யறவங்களுக்கு ஆகிற மாதிரி" என்று கேட்டு, ஒரு டிரான்சிஸ்டர், கோடு கோடாக நிறம் பூசிய நாலைந்து ரெசிஸ்டர், ஒரு சிவப்பு எல்.இ.டி., ஒரு பஸ்ஸர், ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி, கொஞ்சம் கம்பி என்று ஒரு டப்பாவை வாங்கினான்.

"பிரெட்போர்டு இருக்குங்களா, அதும் சேர்த்துப் போடட்டுங்களா?" என்று, கம்பி செருகுகிற பிளாஸ்டிக் அட்டையை நினைத்துக் கடைப்பையன் கேட்டபோது, "அது எங்க பேக்கரியிலேயே கெடக்குதுங்," என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்து, பிரெட் வெட்டி வெட்டி நடுவில் குழி விழுந்த பழைய பலகையை முதலாளியிடம் கேட்டு எடுத்துவந்தான். அதில் ஆணி அடித்து, ஆணிக்கு ஆணி கம்பி முறுக்கி, கை சுட்டுக்கொண்டு ஈயம் உருக்கி சால்டர் வைத்தான்.

டப்பாவோடு ஒரு தாள் இருந்தது. எந்த நாட்டு மொழியிலிருந்தோ எந்த மிஷினோ தமிழாக்கிய தாள். 'உங்கள் முதல் திட்டத்திற்கு வாழ்த்துகள்' என்று ஆரம்பித்தது. எல்.இ.டி.யின் நீண்ட கால் நேர்மறை, குட்டைக் கால் எதிர்மறை, மாற்றிப் போட்டால் எரியாது என்றது. அவன் மாற்றித்தான் போட்டான், எரியவில்லை, திருப்பிப் போட்டான். டிரான்சிஸ்டருக்கு மூன்று கால்கள், தட்டையான முகம் உங்களைப் பார்க்கட்டும் என்றது; அவன் அதை வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போலத் தன்னைப் பார்க்கத் திருப்பி உட்காரவைத்தான். கடைசியில், 'கறுப்புக் கம்பியைத் தரையோடு சேர்க்கவும்' என்றது. தொழில் தெரிந்தவர்களுக்கு அது பேட்டரியின் கறுப்பு முனை என்று தெரியும். சென்னியப்பனுக்குத் தெரிந்த தரை வாசலில்தான் இருந்தது. கரண்ட் ஆபீஸ்காரர்கள் எர்த் குழிக்குக் கரியும் உப்பும் போடுவதை அவன் பார்த்திருந்ததால், குழாயடிக்குப் பக்கத்தில் குழி பறித்து, அடுப்புக்கரியும் கல்லுப்பும் கொட்டி, கறுப்புக் கம்பியை ஆழமாகப் புதைத்து, தண்ணீர் ஊற்றி மிதித்து மூடினான். சிவப்புக் கம்பியை மாடித் தொட்டிக்கு இழுத்தான். பலகையைக் குழாயடிச் சுவரில் மாட்டினான்.

இதையெல்லாம் அவன் செய்துகொண்டிருந்த சாயங்காலங்களில் லைனே அவனைச் சுற்றி நின்று பாராட்டியது. "சென்னியப்பண்ணனுக்கு மனசு தங்கமுங்," என்றான் ஆட்டோ ஓட்டுகிற மருதாசலம். ரேணுகா வேலையிலிருந்து வந்து, கழுவாத முகத்தோடு நேரே காப்பி போட்டு எடுத்துவந்து, "எனக்காகத்தானுங்ணா இத்தனை பாடு படறீங்க," என்றாள். அந்தக் காப்பியை அவன் குடித்தான். நெஞ்சில் சால்டர் வைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் குடித்தான்.

தொட்டி நிறைந்தது, வழிந்தது, அலாரம் கத்தவில்லை. அந்த வேலையை அது கடைசிவரை செய்யவேயில்லை. ஆனால் வெறுங்காலோடு மண்ணை மிதித்துக்கொண்டு நின்ற சென்னியப்பனுக்கு எதிரே சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. அவன் சந்தோஷமாகப் படியேறி உட்கார்ந்தான், அணைந்தது. இறங்கினான், எரிந்தது. குடத்தோடு ரேணுகா வந்தாள், இன்னும் சிவப்பாக எரிந்தது. அவர்கள் போனதும் பக்கத்து வீட்டுக் குழந்தை ஓடிவந்தது, எரியவில்லை; தங்கச்சி மிட்டாயைப் பிடுங்கித் தின்றுவிட்டு மறுபடி ஓடிவந்தது, மினுக்கென்று எரிந்தது. மருதாசலம் ஆட்டோவை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றி, கால் கழுவ வந்தான், எரிந்தது. அவன் பெண்டாட்டி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டான், விளக்கு அணைந்தது. அன்றைக்கு லைனுக்கு விஷயம் புரிந்தது.

புரிந்ததும் யாரும் மயங்கி விழவில்லை. குடித்தனக்காரர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் கிடையாது. கரண்ட் போனால் என்ன செய்வது, தண்ணீர் வராவிட்டால் என்ன செய்வது என்பது போல, மனசு உறுத்தினால் மண்ணு காட்டிக்கொடுக்குமாம், என்ன செய்வது என்று யோசித்து, அடுத்த நாளே எல்லோரும் ரப்பர் செருப்பு வாங்கிவிட்டார்கள். முக்குக் கடையில் ரப்பர் செருப்பு தீர்ந்துபோய்த் திருப்பூரிலிருந்து மூட்டையாக வந்து இறங்கியது. துணி காயப்போடச் செருப்பு, தண்ணீர் பிடிக்கச் செருப்பு, நின்று ஊர்க்கதை பேசச் செருப்பு. வெள்ளிக்கிழமை பலகைக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டார்கள், செருப்புக் காலோடு. பக்கத்துத் தெருவில் பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளையை 'கொஞ்சம் காத்தாட வாங்க' என்று நைசாகக் கூட்டிவந்து வாசலில் வெறுங்காலோடு நிற்கவைத்துப் பார்த்தார்கள். மாப்பிள்ளைக்கு எரியவில்லை, கூட வந்த மாமனுக்கு எரிந்தது, சம்பந்தம் நின்றுபோயிற்று. வீட்டுக்காரம்மா நாகரத்தினம், கூடப் பிறந்தவளின் பங்குக் காட்டையும் தன் பேருக்கு எழுதி வாங்கியவள் என்று ஊருக்கே தெரியும். அவள் வெறுங்காலோடு தங்கத்தேர் போல வாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள், விளக்கு இமைக்கக்கூட இல்லை. "பாத்துக்கிட்டீங்களா?" என்றாள். பார்த்துக்கொண்டார்கள். தப்புக்கும் விளக்குக்கும் சம்பந்தமில்லை, உறுத்தலுக்குத்தான் சம்பந்தம் என்று அன்றைக்கே யாராவது உரக்கச் சொல்லியிருக்கலாம். யாருக்கும் அவ்வளவு தைரியம் இல்லை.

கோலம்தான் பெரிய சிக்கலாக இருந்தது. விடிந்ததும் வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டும். செருப்புக் காலோடு போட்டால் லட்சுமிக்கு ஆகாது, வெறுங்காலோடு போட்டால் நமக்கு ஆகாது. சென்னியப்பனின் பெண்டாட்டி கலாமணி உட்பட எல்லோரும் லட்சுமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு செருப்போடு போட்டார்கள். ரேணுகா மட்டும் வெறுங்காலோடு வந்தாள். குனிந்து அவள் புள்ளி வைக்கும்போதே எரியத் தொடங்கும் விளக்கு, இழை இழுத்து முடிக்கும் வரை எரிந்துகொண்டே இருக்கும். பிறகு அவள் வெந்நீர்க் குண்டாவைத் தூக்கிக்கொண்டு ஸ்டெல்லாக்கா வீட்டுக்குப் போவாள். அவரைத் துடைத்து, குளிப்பாட்டி, தலை சீவி, கஞ்சி ஊட்டிவிட்டுத்தான் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். போகும்போதும் எரியும், வரும்போதும் எரியும்.

"செருப்பைப் போட்டுக்கம்மிணி," என்று கலாமணி ஒருநாள் சொன்னாள்.

"எரியட்டுமுங்க்கா. எரியோணும்," என்றாள் ரேணுகா.

ஜன்னலுக்கு உள்ளே நின்று இதைக் கேட்ட சென்னியப்பன் அப்போதெல்லாம் குளிக்கும்போதுகூடச் செருப்பைக் கழற்றுவதில்லை. குதிகால் வலி, டாக்டர் சொன்னார் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான். பேக்கரியில் சில்லறையைத் தப்பாக எண்ணிக் கொடுத்தான், வர்க்கி கேட்டவருக்கு ரஸ்க் கட்டிக் கொடுத்தான். ஒரு நாள் யாரும் இல்லாத மத்தியானமாகப் பார்த்து, பலகையிலிருந்து பேட்டரியைக் கழற்றித் தூரப் போட்டுவிட்டான். சாயங்காலம் ரேணுகா வந்தாள், விளக்கு எரிந்தது. புதைத்த கம்பியைப் பிடுங்கப் பார்த்தான். வெளியே இருந்த துண்டு மட்டும் கையோடு வந்தது, மீதியை மண் விடவில்லை. மறுநாளும் அவள் வந்தாள், எரிந்தது. ரெசிஸ்டரோ டிரான்சிஸ்டரோ எதுவும் அதற்கு இனித் தேவைப்படவில்லை என்று தெரிந்ததும் அவன் பயத்தில் கழிவறைக்குள் போய் உட்கார்ந்து அழுதான். அழுதானே தவிர, வெளியே வந்து சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாகரத்தினம் லைனுக்கு வந்தாள். எல்லோரையும் வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். தெனமும் மண்ணே சொல்லுது இவதான்னு. நாளைக்கு இன்னொருத்தி உளுந்து மண்டை ஒடைஞ்சா ஆரு பதில் சொல்லறது? ரேணுகா, இந்த மாசத்தோட நீ ஊட்டைக் காலி பண்ணிக்க."

ரேணுகா வெறுங்காலோடு மண்ணில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்க்கா," என்றாள். விளக்கு ரத்தச் சிவப்பாக எரிந்தது. உள்ளேயிருந்து ஸ்டெல்லாக்கா, "ஏனுங்க, அவ போயிட்டா நான் என்னங்க பண்ணுவேன்?" என்று கத்தியது எல்லோருக்கும் கேட்டது. ரேணுகாவின் புருஷன் ராஜஸ்தானில் எங்கேயோ சுமை ஏற்றிக்கொண்டிருந்தான். அவன் வந்து பார்க்கும்போது வீடு இருக்காது.

சென்னியப்பன் செருப்பைக் கழற்றினான். கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மண்ணில் இறங்கி நின்றான். விளக்கு ஏற்கனவே எரிந்துகொண்டிருந்ததால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவன் ரேணுகாவைப் பார்த்து, "நீ கொஞ்சம் படி மேல ஏறு சாமி," என்றான். அவள் ஏறினாள். விளக்கு அணையவில்லை.

மருதாசலம் சிரித்துவிட்டான். "அட, எங்களுக்குந்தான் எரியுதுங்ணா, அதுக்கென்ன? மனுசன்னா ஆயிரம் இருக்கும். செருப்பைப் போட்டுட்டு அக்கட்டால வாங்."

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதுதான் சென்னியப்பனுக்கு விளங்கியது: விளக்கு எரியும், எதற்காக எரிகிறது என்று அது சொல்லாது; அதை மனுஷன்தான் சொல்ல வேண்டும். இதைவிடச் சுலபமாக ஏதாவது இருக்கும் என்று நம்பித்தான் அவன் இத்தனை நாள் ஆணி அடித்தான், கம்பி முறுக்கினான்.

"மோட்டார் போட்டது நானுங்க," என்றான். "ரேணுகா அணைச்சுட்டுப் போனதுக்கப்பறம், எங்கூட்டு டிரம்மு நிறையிலேன்னு நான் மறுக்காப் போட்டேன். போட்டுட்டுப் பஸ்ஸுக்கு ஓடிட்டேன். ஸ்டெல்லாக்கா உளுந்தது என்னாலதான். சொல்லாமப் போட்டேன். தெரிஞ்சேதான் சொல்லாம இருந்தேன்."

கலாமணி கையிலிருந்த முறம் கீழே விழுந்தது. மற்றவர்கள் செருப்புக் காலை மண்ணில் தேய்த்துக்கொண்டு நின்றார்கள்.

ரேணுகா படியிலிருந்து இறங்கி வந்தாள். அடிப்பாள் என்று அவன் நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"நான் அணைச்சனுங்களா?"

"அணைச்ச, சாமி."

"சுவிட்சு டக்குனு சத்தம் கேட்டுச்சுன்னு நான் எத்தனை தடவை நெனச்சுப் பாத்திருப்பேன் தெரியுங்களா? படுத்தாக் கேட்கும், எந்திரிச்சாக் கேட்கும். நாமளா ஒரு சத்தத்தை உண்டு பண்ணிக்கறோம்னு என்னைய நானே வைஞ்சுக்குவேன். அது நெசமாலுமே கேட்டதுங்களா?"

"நெசந்தான்."

"எங் காதையே நான் நம்பாமப் போயிட்டேனுங்ணா," என்றாள். அவ்வளவுதான். திட்டவில்லை, மண்ணை வாரி இறைக்கவில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பட்டப்பகலில் சாத்திய அந்தக் கதவு மறுநாள் விடியும் வரை திறக்கவில்லை; அவள் செத்தவள் மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள் என்று ஜன்னல் வழியாகப் பார்த்த மருதாசலத்தின் பெண்டாட்டி சொன்னாள். நாகரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப நீங்க காலி பண்ணிக்கோங்க," என்று சென்னியப்பனிடம் சொன்னாள். அவன் சரி என்றான்.

திங்கள்கிழமை காலை ஸ்டெல்லாக்காவைக் குளிப்பாட்ட ஆள் இல்லை. சென்னியப்பன் கலாமணியிடம் கேட்டான். "நீ பண்ணுன தப்புக்கு நான் போய்த் தண்ணி ஊத்தோணுமா? என்கிட்டயே மறைச்சவன் நீ," என்று அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவனே விறகு மூட்டி, வெந்நீர் காயவைத்து, குண்டாவைத் தூக்கிக்கொண்டு ஸ்டெல்லாக்கா வாசற்படிக்குக் கீழே மண்ணில் போய் நின்றான். வெறுங்கால். பின்னால் விளக்கு எரிந்தது.

கட்டிலில் கிடந்தபடியே ஸ்டெல்லாக்கா அவனைப் பார்த்தார். "நீ என்னப்பா பண்ணுவே? ஆம்பளை நீ எனக்குக் குளிப்பாட்டியா உடமுடியும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் அவனுக்கு அழுகை வந்தது. குண்டாவைக் கீழே வைக்கவும் முடியாமல், தூக்கிக்கொண்டு போகவும் முடியாமல் நின்றான். தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது.

அப்போது ரேணுகா வந்தாள். தூங்கி எழுந்த முகம் உப்பியிருந்தது. குழாயடியைத் தாண்டி ஈர மண்ணில் வெறுங்காலோடு அவள் நடந்து வந்தபோது லைனில் அத்தனை பேரும் பலகையைத்தான் பார்த்தார்கள். ஆனால் சென்னியப்பன் மண்ணில் நின்றதால் அது எரிந்துகொண்டுதான் இருந்தது. அவள் பலகைப் பக்கம் திரும்பவேயில்லை. நேரே வந்து, அவன் கையிலிருந்த குண்டாவை வாங்கிக்கொண்டு, உள்ளே போனாள்.

"ஏம்புள்ள நீ வந்தே? உம் மேலதான் ஒரு தப்புமில்லேன்னு ஆயிப்போச்சே," என்ற ஸ்டெல்லாக்காவின் குரல் கேட்டது.

"சும்மா வந்தேனுங்க்கா," என்றாள் ரேணுகா. "கையைத் தூக்குங்க."

படிக்கு வெளியே நின்ற சென்னியப்பன் அந்தச் 'சும்மா'வைக் கேட்டான். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். உள்ளே தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் நிற்கும் வரை அங்கேயே நின்றான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை காலிக் குண்டாவைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போயிற்று. அவன் அதை எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் வெந்நீர் கொண்டுவரப் போனான். வாசலைக் கடக்கும் வரை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.